குன்னூர், ஊட்டிக்கு முதல் தடவை ரெண்டு நாள் வர்றவங்களுக்கு: சாயங்காலம் எங்க உக்கார்றது, பகல்ல என்ன பண்றது

குன்னூர்ல ஒரு லாட்ஜ் ரிசப்ஷன்ல பதினோரு வருஷமா வேலை பாக்குறேன். சனிக்கிழமை காலைல கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர்ல இருந்து வர்ற பசங்க பேக்கை கீழ வைக்கிறதுக்கு முன்னாடியே கேக்குறது ரெண்டே கேள்வி தான். "அண்ணா, இங்க நல்ல பப் எங்க இருக்கு?" அப்புறம் "ஒரே நாள்ல எத்தன பாயிண்ட் கவர் பண்ணலாம்?" ரெண்டுக்கும் ஒரே நிமிஷத்துல பதில் சொல்ல முடியாது, பின்னாடி நாலு பேரு சாவிக்கு நிப்பாங்க, அதனால தான் இத உக்காந்து எழுதுறேன்.

முதல் கேள்விக்கு நேர் பதில் என்னன்னா, நீங்க பெங்களூர்ல பாக்குற மாதிரி பப்பு இங்க தெருவுக்குத் தெரு கிடையாது. ஹோட்டல் பார் இருக்கு, டாஸ்மாக் இருக்கு, மெம்பர் மட்டும் போற பழைய கிளப் இருக்கு, அவ்வளவு தான். ஆனா சாயங்காலம் நாலு பேரு சூடா ஏதாவது கையில வச்சுக்கிட்டு குளிருக்கு இதமா உக்காந்து பேசுறதுக்கு இந்த மலைய விட நல்ல எடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, எங்க எப்போ உக்காரணும்னு தெரிஞ்சிருக்கணும். ரெண்டாவது கேள்விக்கு: பாயிண்ட கம்மி பண்ணுங்க. ஒரு நாளைக்கு பத்து பாயிண்ட் பாத்துட்டு வந்தவங்க முகத்த ராத்திரி ஒம்பது மணிக்கு சாவி குடுக்கும்போது பாக்குறவன் நான். பாதி நேரம் ஊட்டி சேரிங் கிராஸ் ஜங்ஷன் டிராபிக்ல வண்டிக்குள்ள தான் உக்காந்திருந்திருப்பாங்க, மீதி நேரம் பார்க்கிங் தேடிருப்பாங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி

தேதிய முதல்ல பாருங்க. ஏப்ரல், மே ரெண்டும் சீசன், மே மாசம் ஊட்டி பொட்டானிக்கல் கார்டன்ல மலர் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பார்க்ல பழக் கண்காட்சி, பாக்க அழகா இருக்கும், ஆனா முதல் தடவை வர்றவங்களுக்கு அந்தக் கூட்டத்த நான் சொல்ல மாட்டேன். செப்டம்பர், அக்டோபர்ல ரெண்டாவது சீசன்னு சொல்வாங்க, அது நல்ல நேரம், அக்டோபர் பாதிக்கு மேல குன்னூர் பக்கம் வடகிழக்கு மழை பிடிச்சுக்கும், அதுக்கு ரெடியா வரணும். டிசம்பர், ஜனவரில ஊட்டில காலைல புல்லு மேல உறைபனி உப்பு கொட்டின மாதிரி கிடக்கும், தலைகுந்தா, காந்தல் பக்கம் போனா நல்லா பாக்கலாம், சூரியன் ஏறினா அரை மணி நேரத்துல காணாம போயிடும், அதனால ஆறு மணிக்கே போகணும்.

இப்ப முக்கியமான ஒண்ணு, இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. லாங் வீக்கெண்டுன்னு சந்தோஷமா பிளான் போடுவீங்க இல்லையா, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, பொங்கலோட சேர்ந்து வர்ற திருவள்ளுவர் தினம், இதெல்லாம் தமிழ்நாட்டுல மதுக்கடை மூடுற நாள், ஹோட்டல் பாரும் சேர்த்து தான். வருஷா வருஷம் அக்டோபர் 2 அன்னைக்கு சாயங்காலம் ரிசப்ஷன்ல வந்து "எதுவுமே இல்லையா அண்ணா"ன்னு நிக்கிறவங்கள பாக்குறேன். உங்களுக்கு சாயங்காலம் ஒரு பீரோட உக்காரணும்னு ஆசை இருந்தா அந்தத் தேதிய விட்டுட்டு அடுத்த வாரம் வாங்க, ரூம் வாடகையும் கம்மியா இருக்கும். இன்னொண்ணு, கர்நாடகா, பாண்டிச்சேரி சரக்க வண்டில வச்சு கொண்டு வராதீங்க, சட்டப்படி அது குத்தம், செக் போஸ்ட்டுல வண்டிய தொறந்து பாக்குறாங்க. 21 வயசு ஆகாதவங்களுக்கு இங்க எங்கயும் கிடையாது, அடையாள அட்டைய ரூம்ல விட்டுட்டு வராதீங்க.

சொந்த வண்டில வந்தா இ-பாஸ், அதாவது ஆன்லைன்ல அனுமதி எடுக்கணும். 2024 மே மாசத்துல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது இருக்கு, அடுத்த வருஷம் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி தான்னு கணக்கும் வச்சாங்க, சாதா நாள்ல 6,000, சனி ஞாயிறு 8,000. கிளம்புற அன்னைக்கு காலைல எடுத்துக்கலாம்னு இருக்காதீங்க. கவர்மெண்ட் பஸ்ல வந்தா பாஸ் வேண்டாம், டிஎன் 43-ன்னு நம்பர் இருக்குற நீலகிரி வண்டிக்கும் வேண்டாம். பெங்களூர்ல இருந்து வர்றவங்க பந்திப்பூர், முதுமலை ரோடு ராத்திரி ஒம்பதுல இருந்து காலைல ஆறு வரைக்கும் மூடியிருக்கும்னு ஞாபகம் வச்சுக்கோங்க. மசினகுடில இருந்து கல்லட்டி வழி கிலோமீட்டர் கம்மின்னு மேப்பு காட்டும், 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்து, பழக்கமில்லாம ஓட்டி எத்தனையோ பேரு விழுந்திருக்காங்க. கூடலூர் வழியா சுத்தியே வாங்க.

பிளாஸ்டிக் தண்ணி பாட்டில், கவர் எதுவும் எடுத்துட்டு வராதீங்க, செக் போஸ்ட்டுலயே வாங்கி வச்சுக்குவாங்க, ஃபைனும் உண்டு. வீட்டுல இருக்குற எவர்சில்வர் பாட்டில் ஒண்ணு, துணிப்பை ரெண்டு போதும். ஊருக்குள்ள வாட்டர் ஏடிஎம் இருக்கு, அதுல ரொப்பிக்கலாம்.

எங்க தங்குறது

நான் குன்னூர்க்காரன், அதனால சொல்றேன்னு நினைக்காதீங்க. ரெண்டு ராத்திரி தான் இருக்குன்னா குன்னூர்ல தங்கி ஊட்டிக்கு ஒரு நாள் ரயில்ல போயிட்டு வாங்க. ஊட்டி கடல் மட்டத்துல இருந்து 2,240 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர் வாக்குல, அந்த வித்தியாசம் ராத்திரி கம்பளிக்குள்ள தெரியும். இங்க குளிர் தாங்கலாம், டிராபிக் கம்மி, பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் இருக்குறது கீழ் குன்னூர், பெட்போர்டு, சிம்ஸ் பார்க் பக்கம் மேல் குன்னூர். அமைதி வேணும்னா மேல, பஸ்ல சுத்துறவங்கன்னா கீழ.

ரூம் புக் பண்றப்போ போட்டோ பாத்து முடிவு பண்ணாம போன் பண்ணி மூணு விஷயம் கேளுங்க: சுடுதண்ணி எத்தன மணில இருந்து எத்தன மணி வரைக்கும், பஸ் ஸ்டாண்டுல இருந்து எவ்வளவு தூரம், ராத்திரி பத்து மணிக்கு மேல வந்தா கேட்டு தொறப்பீங்களா. மூணாவது கேள்விக்கு வர்ற பதில வச்சே அது என்ன மாதிரி எடம்னு தெரிஞ்சிடும்.

ரயில்

மேட்டுப்பாளையத்துல காலைல 7:10-க்கு கிளம்புற மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைச்சா வேற எதையும் யோசிக்காதீங்க. சென்னைல இருந்து ராத்திரி கிளம்புற நீலகிரி எக்ஸ்பிரஸ் இதுக்கு முன்னாடியே மேட்டுப்பாளையம் வந்துடும், இறங்கி பிளாட்பாரம் மாறுனா போதும். 1899-ல குன்னூர் வரைக்கும் போட்டாங்க, 1908-ல ஊட்டி வரைக்கும் வந்துச்சு, 46 கிலோமீட்டர், 16 குகைப்பாதை, 250 பாலம், 2005-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க. கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச கம்பி ஓடும், இன்ஜின் அடியில இருக்குற பல்சக்கரம் அதப் புடிச்சு புடிச்சு ஏறும், இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளும். நிக்கிற ஸ்டேஷன்ல எறங்கி இன்ஜின் பக்கத்துல போய் நின்னு அந்த நீராவி சத்தத்த ஒரு தடவை கேளுங்க.

ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடி தொறக்கும், தொறந்த உடனே முடிஞ்சிடும். கிடைக்கலன்னா மனசு விடாதீங்க, குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு ஒரு நாளைக்கு சில தடவை ரயில் ஓடுது, ரிசர்வ் பண்ணாத பெட்டியும் உண்டு, கவுண்டர்ல அரை மணி நேரம் முன்னாடி போய் நின்னா போதும், சனி ஞாயிறுன்னா ஒரு மணி நேரம். அது டீசல் இன்ஜின் தான், ஆனா வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல்னு போற அந்த வழி, குறிப்பா கேத்தில ஜன்னலுக்கு கீழ கேரட் தோட்டம் படிப்படியா பள்ளத்தாக்கு முழுக்க இறங்கிப் போறத பாக்கும்போது, பஸ்ல வந்தவங்க எதை விட்டுட்டாங்கன்னு புரியும்.

ஊட்டில ஒரு பகல்

ரயில் ஸ்டேஷன்ல இருந்து நடந்தே பாதி ஊட்டி பாத்துடலாம். என்னைக் கேட்டா மூணு எடம் போதும்னு சொல்வேன்.

முதல்ல செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச். 1829-ல அடிக்கல் நாட்டுனது. உள்ள மேல இருக்குற பெரிய உத்தரம் எல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனைல இருந்து பிரிச்சு கொண்டு வந்த மரம்னு சொல்வாங்க, அந்தக் காலத்துல ரோடே இல்லாத மலைல அத ஏத்திக் கொண்டு வந்திருக்காங்கன்னு அண்ணாந்து பாத்துட்டே நிக்கத் தோணும். பின்னாடி சரிவுல கல்லறைத் தோட்டம், ஊட்டிய உருவாக்குன கலெக்டர் ஜான் சல்லிவனோட மனைவியும் மகளும் அங்க தான் இருக்காங்க. கல்லுல எழுதியிருக்குறத நிதானமா படிங்க, எவ்வளவு சின்ன சின்ன வயசு.

அப்புறம் பொட்டானிக்கல் கார்டன். 1848-ல ஆரம்பிச்சது, 22 ஹெக்டேர். எல்லாரும் கீழ் புல்வெளில போட்டோ எடுத்துட்டு திரும்பிடுறாங்க. மேல ஏறுங்க, 2 கோடி வருஷத்துக்கு முந்தின கல்லா மாறுன மரம் இருக்கு, இன்னும் மேல போனா கூட்டம் சுத்தமா இருக்காது, உச்சில தோடர் பழங்குடி மக்களோட மந்து, அதாவது அவங்க ஊரு இருக்கு. அது அவங்க வீடும் கோயிலும், கண்காட்சி இல்ல, கேட்டுட்டு தான் போட்டோ எடுக்கணும். தோடர் எம்ப்ராய்டரி சால்வை வாங்க ஆசைன்னா, 2013-ல புவிசார் குறியீடு வாங்குன வேலை அது, வெள்ளைத் துணில கருப்பும் சிவப்பும் நூலு, துணியோட இழைய எண்ணி எண்ணி கையில போடுறது. மெஷின்ல போட்டத அதே பேர்ல விக்கிறாங்க, துணியத் திருப்பி பின் பக்கத்தப் பாத்து கேள்வி கேட்டு வாங்குங்க.

மூணாவது ஊட்டி முனிசிபல் மார்க்கெட். ஏரிய விட எனக்கு மார்க்கெட் பிடிக்கும். மண்ணோட உருளைக்கிழங்கு, கழுவுன கேரட், மலைப் பூண்டு, வாசனையே வேற. ஏரில போட்டிங் போகணும்னா காலைல போங்க, மத்தியானத்துக்கு மேல டிக்கெட் வரிசைலயே நேரம் போயிடும். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர், வானம் தெளிவா இருந்தா மட்டும் போங்க, மிஸ்டு மூடியிருந்தா மேல போயும் வெள்ளைச் சுவரு தான் தெரியும். டாக்ஸிக்காரர் "ஏறினா கிளியர் ஆயிடும்"னு சொன்னாலும் கீழ இருந்து மலையப் பாத்து நீங்களே முடிவு பண்ணுங்க.

கேள்விய மாத்திக் கேக்கணும்

இது தான் நான் சொல்ல வந்ததுலயே முக்கியமானது. புது ஊர்ல நல்ல கடை கண்டுபிடிக்கிறதுக்கு "அண்ணா, நல்ல கடை எங்க இருக்கு?"ன்னு கேட்டா எந்த ஆட்டோக்காரரும் கமிஷன் குடுக்குற கடையோ, டூரிஸ்ட்டுக்கு பிடிக்கும்னு அவரு நினைக்கிற கடையோ தான் காட்டுவாரு, அவரக் குத்தம் சொல்ல முடியாது, நீங்க கேட்டது அப்படி. அதையே, வர்க்கின்னு எங்க ஊரு மொறுமொறு பேக்கரி பண்டம் ஒண்ணு இருக்கு, "அண்ணா, உங்க வீட்டுக்கு வர்க்கி எங்க வாங்குவீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. ஒரு நொடி யோசிப்பாரு, முகம் மாறும், "அட, அது உள்ள சந்துல இருக்குதுங்க, வண்டி போகாது, நடக்கணும்"னு ஆரம்பிப்பாரு. அந்தக் கடை தான்.

டீக்கும் இதே தான். "நீங்க டீ எங்க குடிப்பீங்க?" பிரியாணிக்கு, "ஞாயித்துக்கிழமை பசங்களுக்கு பார்சல் எங்க வாங்குவீங்க?" பாருக்கு கூட, லாட்ஜ்ல டூட்டி முடிச்சு போற பசங்ககிட்ட "வெளியூர்ல இருந்து உங்க சொந்தக்காரங்க வந்தா எங்க கூட்டிட்டு போவீங்க, பொண்ணுங்க கூட இருந்தா எங்க போவீங்க"ன்னு கேளுங்க. ஒரே ஆளு ரெண்டு கேள்விக்கும் வேற வேற பேரு சொல்வான், ரெண்டும் உண்மையா இருக்கும்.

வர்க்கி பத்தி இங்கயே சொல்லிடுறேன், 2023-ல ஊட்டி வர்க்கிக்கு புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. மைதா, சர்க்கரை, நெய் இல்லன்னா டால்டா, முந்தின நாளு எடுத்து வச்ச புளிச்ச மாவு, அதுக்கு மாவான்னே பேரு, எல்லாம் பிசைஞ்சு மடிச்சு மடிச்சு வெட்டி விறகு அடுப்புல வேக வைப்பாங்க. குன்னூர்ல எங்க வீட்டுக்கு வாங்குற பேக்கரில நாலரை மணி வாக்குல தட்டு வெளிய வரும். நீளமான பலகைய உள்ள விட்டு தட்ட இழுத்தா ஒரு நிமிஷம் கடைக்குள்ள யாரும் பேச மாட்டாங்க, வாசனை அப்படி. சூட்டோட எடுத்தா கையில நொறுங்காது, கொஞ்சம் ஆறணும், ஆறினதும் ஒடச்சா உள்ள ஏடு ஏடா பிரியும், டீல முக்குனா மேல் ஏடு மட்டும் ஊறி அடி மொறுமொறுன்னு நிக்கும், அந்த ரெண்டு நொடிக்குள்ள வாயில போட்டுடணும். பஸ் ஸ்டாண்டுல கண்ணாடி பாட்டில்ல அடைச்சு வச்சிருக்குறத வாங்கித் தின்னுட்டு வர்க்கி இவ்வளவு தானான்னு சொல்லாதீங்க. கேட்டுக்கோங்க, இன்னைக்கு போட்டதா, எத்தன மணிக்கு அடுத்த தட்டு வரும். கேட்டா சொல்வாங்க.

சாக்லேட் வாங்குறவங்களுக்கு ஒரு வரி. பாக்கெட்ல ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்னு போட்டிருந்தா அது கொக்கோ வெண்ணெய் இல்லாத காம்பவுண்டு சாக்லேட், வெல கம்மியா இருக்கணும். உண்மையானது விரல்ல பத்து நொடி வச்சா உருக ஆரம்பிக்கும்.

சாயங்காலம்

ஆறு மணிக்கு மேல இருட்டும் குளிரும் ஒண்ணா வரும். குடிக்காதவங்களுக்கு முதல்ல சொல்லிடுறேன், உங்களுக்குத் தான் இங்க எடம் ஜாஸ்தி. மேல் குன்னூர்ல பழைய பங்களாவ கஃபேயா மாத்துன எடங்க இருக்கு, கணப்பு போட்டிருப்பாங்க, அங்க ஆர்த்தடாக்ஸ் டீ கேளுங்க. நாம வீட்டுல போடுற தூள் டீ வேற, இது சுருண்ட முழு இலை, பால் ஊத்தாம மூணு நிமிஷம் ஊற வச்சுக் குடிக்கிறது. டிசம்பர், ஜனவரி குளிர்ல பறிச்ச இலைக்கு தனி மணம் இருக்கும். இன்னொரு விஷயம், இந்த உயரத்துல தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிடும், ஊட்டில 92, 93 டிகிரில, அதனால இங்க அந்த டீ கசக்காம எறங்கும், அதே இலைய ஊருக்கு கொண்டு போய் தளதளன்னு கொதிக்கிற தண்ணில போட்டுட்டு ருசி வரலன்னு போன் பண்ணாதீங்க, கொதிச்சு ஒரு நிமிஷம் ஆற விட்டு ஊத்துங்க.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டிக்கடைல சூடா மிளகாய் பஜ்ஜி, அவிச்ச வேர்க்கடலை, மசாலா பொரி. மப்ளர சுத்திக்கிட்டு அங்க நின்னு சாப்பிடுறதும் ஒரு சாயங்காலம் தான்.

இப்ப பார் விஷயத்துக்கு வர்றேன். டாஸ்மாக் கடை மத்தியானம் 12-ல இருந்து ராத்திரி 10 வரைக்கும். அதோட ஒட்டுன பார்ல புதுசா வர்றவங்க உக்கார நான் சொல்ல மாட்டேன், சுத்தம் இல்ல, சனிக்கிழமை எடமும் இருக்காது. ஹோட்டல் பாருக்கு போங்க, பழைய பங்களா ஹோட்டல்ல மர நாற்காலி, கணப்பு, சுவத்துல பழைய போட்டோன்னு நீங்க மனசுல நினைச்ச மலைப் பப்புக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குறது அது தான். போறதுக்கு முன்னாடி போன் பண்ணி, ரூம் எடுக்காதவங்கள பார்ல விடுவீங்களா, கடைசி ஆர்டர் எத்தன மணி, சாப்பாடு எத்தன மணி வரைக்கும்னு கேட்டுடுங்க. ஏழு மணிக்கு போயிடுங்க. பத்து மணி ஆச்சுன்னா இங்க எல்லா விளக்கும் அணைய ஆரம்பிச்சிடும், சென்னை நேரத்துல ஒம்பதரைக்கு கிளம்புனா நாற்காலிய மேல தூக்கி வச்சுட்டு இருப்பாங்க.

உள்ள போன உடனே வெல போட்ட மெனு கார்டு கேளுங்க. கார்டு இல்ல, வாயால சொல்றாங்கன்னா எந்திரிச்சிடுங்க. பாட்டில் மூடிய உங்க முன்னாடி தொறக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு ரவுண்டுக்கும் பில்லு வாங்கி வச்சுக்கோங்க. போன வருஷம் என் சித்தி பையனும் அவன் ஃபிரெண்ட்ஸும் ஒரு எடத்துல, பேரு வேண்டாம், கடைசில மொத்தமா பில்லு வாங்குனாங்க, சாப்பிடாத மூணு ஐட்டம் அதுல இருந்துச்சு, பேசிப் பேசி பத்தரை ஆயிடுச்சு, வெளிய வந்தா ஆட்டோ இல்ல. மேல் குன்னூர்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர் நடந்து வந்தாங்க. ஒரு வளைவு திரும்புன எடத்துல ரோட்டு நடுவுல காட்டுமாடு. நாய் குரைக்குதுன்னு பாத்தா அது நிக்குது, தோள் உயரம் இவன் தலைக்கு மேல, மூக்குல இருந்து ஆவி வருது, கண்ணு மட்டும் போன் வெளிச்சத்துல பச்சையா. நல்ல வேளை ஒருத்தன் போன அணைச்சுட்டு எல்லாரையும் இழுத்துக்கிட்டு மெதுவா பின்னாடியே நடந்திருக்கான், இருபது நிமிஷம் ஒரு வீட்டு கேட்டு ஓரமா நின்னு அது தேயிலைக்குள்ள எறங்குன அப்புறம் தான் வந்தாங்க. எனக்கு அத கேக்கும்போது கை நடுங்கிடுச்சு. இங்க ராத்திரில காட்டுமாடு, கரடி, சிறுத்தை ஊருக்குள்ளயே வருது, கோத்தகிரில கரடி அடிக்கடி. அதனால போறப்போவே அதே ஆட்டோக்காரர்கிட்ட "அண்ணா, பத்து மணிக்கு வந்து கூட்டிட்டு போவீங்களா"ன்னு பேசி நம்பர் வாங்கிடுங்க. குடிச்சுட்டு மலை ரோட்டுல வண்டி எடுக்கவே எடுக்காதீங்க, மிஸ்டு இறங்குனா நாங்களே பகல்ல அஞ்சு கிலோமீட்டர் வேகத்துல போற ரோடு அது.

குளிருக்கு குடிச்சா சூடா இருக்கும்னு நினைக்கிறதும் தப்பு. தோல் சூடாகும், உடம்புக்குள்ள இருக்குற சூடு வெளிய போயிடும். ஸ்வெட்டரக் கழட்டாதீங்க, நடுவுல தண்ணி குடிங்க.

வியூ பாயிண்ட்லயோ தேயிலைத் தோட்டத்துலயோ உக்காந்து பாட்டில் தொறக்காதீங்க. ஒடஞ்ச கண்ணாடி யானைக் கால்ல ஏறி சீழ் பிடிச்சா அது நடக்க முடியாம பட்டினி கிடந்து சாகும், எங்க மலைல பாட்டில திரும்ப வாங்குற முறைய ஹைகோர்ட் கொண்டு வரச் சொன்னதே இதனால தான். 2022-ல முதல்ல நீலகிரில ஆரம்பிச்சது, வாங்கும்போது பாட்டிலுக்கு 10 ரூபா சேத்து வாங்குவாங்க, காலி பாட்டில ஸ்டிக்கரோட வாங்குன கடையிலயே குடுத்தா 10 ரூபா திருப்பிக் குடுப்பாங்க. ரூம்ல குடிச்சா பாட்டில கட்டிலுக்கு அடில தள்ளாதீங்க, எங்க ரூம் பாய் தான் குனிஞ்சு எடுக்கணும்.

பாருன்னு பேச்சு வந்ததால ஒண்ணு, ஸ்னூக்கர் விளையாட்டு இருக்கே, நெவில் சேம்பர்லைன்னு ஒரு ராணுவ அதிகாரி 1875-ல ஜபல்பூர்ல தொடங்குனது, அதுக்கு ரூல்ஸ் எழுதி ஒட்டுனது 1882-ல ஊட்டி கிளப்ல. உலகம் முழுக்க விளையாடுறது எங்க மலைல ஒரு பில்லியர்ட்ஸ் ரூம்ல முறையானதுன்னு நினைச்சா எனக்கு பெருமையா இருக்கும். அந்தக் கிளப்புக்குள்ள மெம்பரும் அவங்க கூட்டிட்டு வர்ற ஆளும் தான் போக முடியும், வெளிய இருந்து பாத்துக்கோங்க.

ரெண்டாவது நாள்

காலைல ஆறரைக்கு சிம்ஸ் பார்க் பக்கம் நடங்க, 1874-ல ஆரம்பிச்ச பூங்கா, ஊட்டி கார்டன விட சின்னது, சரிவுல இறங்கி இறங்கி போகும், உள்ள ருத்ராட்ச மரம் இருக்கு. அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டால்பின் நோஸ் வியூ பாயிண்ட் போற பஸ்ஸு பிடிங்க, டாக்ஸி வேண்டாம், பஸ்ல தோட்டத்து வேலைக்கு போற அக்காங்க ஏறுவாங்க, ஜன்னலோரம் குடுப்பாங்க, எந்தப் பக்கம் உக்காந்தா பள்ளத்தாக்கு தெரியும்னும் சொல்வாங்க. வழில லேம்ப்ஸ் ராக், கடைசில டால்பின் நோஸ், எதிர்ல கேத்தரின் அருவி வெள்ளை நூலு மாதிரி தெரியும். பத்து மணிக்கு முன்னாடி போனா தான், அதுக்கு மேல மிஸ்டும் கூட்டமும் ஏறிடும். குரங்கு இருக்கு, கைல தின்பண்டத்த வச்சுக்காதீங்க.

மத்தியானம் ஒரு டீ ஃபேக்டரி பாத்துட்டு வாங்க, இலைய வாட வச்சு, நசுக்கி, புளிக்க வச்சு, காய வைக்கிற வரைக்கும் காட்டுவாங்க, வாட வைக்கிற மேல் மாடில நின்னா பச்சை இலை வாசனை மூக்குக்குள்ளயே தங்கிடும். நேரம் மிச்சம் இருந்தா கோத்தகிரி பஸ்ல ஏறி கன்னேரிமுக்குல சல்லிவன் கட்டுன பழைய வீடு போங்க, மாவட்டத்தோட பழைய போட்டோ எல்லாம் வச்சிருக்காங்க, கூட்டமே இருக்காது.

இறங்குறப்போ

சீசன்ல ஏறுறது குன்னூர் வழி, இறங்குறது கோத்தகிரி வழின்னு ஒருவழிப் பாதையா மாத்திடுவாங்க, அந்த நேரத்துல குன்னூர்ல இருந்து கிளம்புறவங்க போலீஸ்கிட்ட கேட்டுட்டு வண்டி எடுங்க. மத்த நாள்ல மேட்டுப்பாளையம் ரோட்டுலயே இறங்கலாம், ரெண்டாவது கியர்லயே வாங்க, பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்குனா சூடாகி பிடிக்காம போயிடும், ரப்பர் வாசனை வந்தா ஓரங்கட்டி அரை மணி நேரம் நிறுத்துங்க. வாந்தி வர்ற பசங்கள முன் சீட்ல உக்கார வைங்க, எலுமிச்சம்பழம் ஒண்ணு கைல குடுங்க.

ஜூன் கடைசி, ஜூலைல வர்றவங்க பர்லியார்ல ஒரு பத்து நிமிஷம் நிறுத்தணும். ரோட்டோரம் மங்குஸ்தான், ரம்புட்டான், பலா எல்லாம் வச்சிருப்பாங்க, சில சமயம் துரியனும் இருக்கும். மங்குஸ்தான் எடுக்கும்போது மேல் காம்பு பச்சையா இருக்கா, விரல்ல அழுத்துனா லேசா குழியுதான்னு பாருங்க, கல்லு மாதிரி இருந்தா உள்ள கெட்டுப் போயிருக்கும். அடில பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும், அதுல எத்தன இதழோ உள்ள அத்தன சுளை, எண்ணிப் பாத்துட்டு ஒடைங்க. அந்தத் துணிப்பைய வண்டி டிக்கில போட்டுடாதீங்க, கைல வச்சிருங்க, அங்க கவர் குடுக்க மாட்டாங்க.